கடலோர வீட்டு ஜன்னலுக்கு ஸ்க்ரீன் வாங்கப் போறீங்களா? துணிக்கு முன்னால் ராடைப் பாருங்க!

பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை... கடல் தெரியும் ஜன்னலுக்காகவே கூடுதல் வாடகை கொடுத்துக் குடிபோகிறவர்கள் சென்னையில் உண்டு. குடிபோன கையோடு, பார்த்துப் பார்த்து ஸ்க்ரீன் வாங்கி மாட்டுவார்கள். ஒரு வருஷம் போனால் துணி அப்படியே இருக்கும். ஆனால் இழுத்தால் நகராது. ராடில் புள்ளி புள்ளியாகத் துரு, ரிங்கைச் சுற்றிப் பழுப்புக் கறை. 'எஸ்.எஸ். ராடுன்னு சொல்லித்தானே கொடுத்தாங்க?'

கடலோர வீடுகளில் பெரும்பாலும் முதலில் கெடுவது துணி அல்ல, அதைத் தாங்கும் உலோகம். அதனால் தேர்வை அங்கிருந்து தொடங்குவதுதான் பர்ஸுக்கு நல்லது.

உப்பு வீட்டுக்குள் எப்படி வருகிறது?

அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று கரைக்குக் கொண்டுவருகிறது. நீர் ஆவியானாலும் உப்பு மிஞ்சும். கரையை ஒட்டிய சில நூறு மீட்டருக்குள்தான் இது அதிகமாகப் படியும். ஊருக்குள் போகப் போக வேகமாகக் குறையும். கடலைப் பார்த்த முதல் வரிசை வீட்டில் சீக்கிரம் துருப்பிடிக்கும் ராட், நான்கு தெரு தள்ளிப் பல வருஷம் தாங்குவது இதனால்தான்.

ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். கடல் உப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடு இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். ஆக, மழையே இல்லாத நாளிலும் ராடின் மேல் ஒரு உப்புநீர்ப் படலம் இருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலத்தை, அதிலுள்ள குளோரைடு அங்கங்கே துளைத்துவிடும். ஜன்னலுக்கு வெளியே படியும் உப்பை மழையாவது கழுவும். உள்ளே இருக்கும் ராடை யார் கழுவுகிறோம்?

எஸ்.எஸ். எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. விலை மலிவான 202 கிரேடில் நிக்கல் குறைவு, மாங்கனீஸ் அதிகம். கடற்காற்றுக்குச் சீக்கிரம் துருப்பிடிக்கும். 304 அதைவிட மேல். 316-ல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ப்பதால், குளோரைடை அது இன்னும் நன்றாகத் தாங்கும். முதல் வரிசை வீடு என்றால் 316. கொஞ்சம் உள்ளே தள்ளி என்றால் 304 போதும்.

'காந்தம் ஒட்டலைன்னா ஒரிஜினல் எஸ்.எஸ்.' என்பதை நம்ப வேண்டாம். 202, 304, 316 மூன்றிலுமே காந்தம் சரியாக ஒட்டாது. கிரேடை பில்லில் எழுதி வாங்குவதே பாதுகாப்பு.

பட்ஜெட் இடிக்கிறதா? மர ராட், பிளாஸ்டிக் ரிங், பவுடர் கோட்டிங் செய்த அலுமினிய ராட் ஆகியவை நல்ல மாற்று. ஆனால் அலுமினியத்தை எஸ்.எஸ். ஸ்க்ரூவால் முடுக்கினால், உப்பு ஈரத்தில் அந்த இடத்தில் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். நடுவில் ஒரு நைலான் வாஷர் போடச் சொல்லுங்கள்.

துணியில் எதைப் பார்க்க வேண்டும்?

பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்து இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. எனவே கடல் பக்க ஜன்னலுக்குப் பாலியஸ்டர் அல்லது அது அதிகம் கலந்த துணி நல்லது; சீக்கிரம் காயும், பூசணமும் எளிதில் பிடிக்காது. பார்க்க அழகான மூங்கில் தட்டியில் பூசணம் வரலாம். காற்றோட்டம் இல்லாத அறையில் தவிர்த்துவிடலாம்.

பிளைண்ட்ஸா, ஸ்க்ரீனா?

சென்னையில் கடல் கிழக்கே இருக்கிறது. கடல் பார்த்த ஜன்னலில் காலை வெயில் நேராக அடிக்கும். கோடைக்காலத்தில் மதியவாக்கில் கடற்காற்று வீசத் தொடங்கும். அதாவது, காலையில் வெயிலை மறைக்க வேண்டும், பிறகு காற்றை விட வேண்டும். இதற்கு முழுசாக ஒதுக்கிவிடக்கூடிய ஸ்க்ரீன்தான் வசதி. ரோலர் பிளைண்ட் காற்றில் படபடவென்று அடிக்கும். அதற்குள் இருக்கும் இரும்பு ஸ்பிரிங்கும் துருப்பிடிக்கலாம். ஏசி போட்டு ஜன்னலை மூடியே வைக்கும் அறை என்றால் பிளைண்ட்ஸ் ஓகே. ஆனால் தொங்கும் கயிறு குழந்தைகளின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. குட்டீஸ் உள்ள வீட்டுக்குக் கயிறில்லாத மாடலையே கேளுங்கள்.

வாங்கிய பிறகு...

வாரம் ஒரு முறை, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ராட், ரிங், பிராக்கெட்டைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை எடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அது வேண்டாம். உப்பைத் துடைக்க உப்பையே பூசுவதுபோல் ஆகிவிடும். துணியில் துருக்கறை பட்டால் ப்ளீச் போடாதீர்கள், கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது கலர் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டியது இரண்டு கேள்விகள்: 'ராட் என்ன கிரேடு? ஸ்க்ரூவும் அதே கிரேடுதானா?' இரண்டாவதை மறந்துவிடாதீர்கள். எவ்வளவு நல்ல ராடாக இருந்தாலும், அதைச் சுவரில் பிடித்து நிறுத்துவது அந்தச் சின்ன ஸ்க்ரூதான்.