வெயிலைப் பிடித்து இருட்டில் வளர்த்தவர்

திருச்செந்தூருக்குப் போய் முருகனைத் தரிசித்துத் திரும்பும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அடுத்த தடவை போகும்போது, தெற்கே சிறிது தூரத்திலுள்ள ஆலந்தலைக்கும் விடியற்காலையில் போய் வாருங்கள். முத்துக்குளித்துறையைச் சேர்ந்த மீனவர் ஊர் அது. கடலுக்குள்ளிருந்து சூரியன் கிளம்பும் வேளையில், கரை திரும்பும் வள்ளத்தைப் பாருங்கள். அதில் நிற்பவரின் முகம் தெரியாது. மையால் எழுதினாற்போல் உருவம் மட்டும் தெரியும். சுற்றிலும் தண்ணீர் ஜரிகையாக மின்னும். உடனே கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்துவிடுவீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், கண்ணில் கண்டது அதில் இருக்காது!

கண்ணில் கண்டதைக் காகிதத்தில் கொண்டுவருவதற்காகவே வாழ்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் ஆலந்தலைக்காரர் அல்ல. அந்தக் கடலைத் தாண்டித் தென்கிழக்கே போனால் கொழும்பு வருகிறதல்லவா? அந்த ஊர்க்காரர். இங்கே சூரியன் கடலில் உதிக்கிறது. அங்கே கடலில் அஸ்தமிக்கிறது. மற்றபடி அதே உப்புக்காற்று, அதே வலை, அதே வெயில்தான்.

லயனல் வெண்ட் என்பது அவர் பெயர். 1900-ல் பிறந்தார். தகப்பனார் இலங்கை சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி, பறங்கியர் வம்சம்; தாயார் சிங்களப் பெண்மணி. லண்டனில் சட்டமும் பியானோவும் கற்று 1924-ல் ஊர் திரும்பியவருக்கு வக்கீல் தொழிலில் மனம் ஒட்டவில்லை. முப்பது வயதைத் தாண்டிய பிறகு காமிராவைத் தீவிரமாகக் கையில் எடுத்தார். 1944-ல் காலமாகும் வரை விடவே இல்லை. மீனவர்கள், தென்னந்தோப்பு, பழைய சிற்பங்கள் என்று படம் எடுத்துத் தள்ளினார். வெளியில் எடுத்த படங்களுக்கு வெயில்தான் அவருடைய விளக்கு.

ஆனால் பாதி வேலை வெளியில் என்றால் மறு பாதி இருட்டறையில். அது என்ன அறை என்கிறீர்களா? ஏறக்குறைய நம் சமையலறை மாதிரிதான்! ஒரு மங்கலான சிவப்பு விளக்கு. வரிசையாக மூன்று தட்டுக்களில் ரசாயனத் தண்ணீர். நெகடிவ் வழியாகச் சில விநாடி வெளிச்சத்தைக் காகிதத்தின்மேல் விழச் செய்ய வேண்டும். காகிதம் வெறுமையாகவே இருக்கும். முதல் தட்டில் போட்டு மெல்ல ஆட்டினால், ஒரு புருவம் தெரியும், பிறகு தலைமயிர், பிறகு முகம். பார்த்தவர்களுக்குத்தான் அந்த மயக்கம் தெரியும். வெளிச்சம் விழும்போது ஓரிடத்தில் கையை ஆட்டி மறைத்தால் அந்த இடம் வெளுக்கும். எங்கே மறைப்பது, எவ்வளவு நேரம்? அது கைப்பக்குவம், உப்புப் போடுகிற மாதிரி.

ரசாயனம் 20 டிகிரிச் சூட்டில் இருப்பது உத்தமம். நம் கடற்கரை ஊர்களில் குழாய்த் தண்ணீரே அதைவிடச் சூடு! சூடு ஏறினால் பிலிமின் மேல் பூச்சு கூழாக இளகிவிடும். ஐஸ் கட்டி வைத்துப் போராடினால்தான் உண்டு.

இத்தனை பாடுபட்டு, படம் பாதி தோன்றும்போது, வெள்ளை விளக்கை ஒரு கணம் போட்டு அணைத்தால்? படம் பாழ் என்பீர்கள். வெண்ட் வேண்டுமென்றே அப்படிச் செய்தார். பாரிஸில் மான் ரே என்பவர் பிரபலப்படுத்திய வித்தை அது. வெளுப்பும் கறுப்பும் சில இடங்களில் இடம் மாறும். உருவத்தின் ஓரத்தில், பென்சிலால் இழுத்தாற்போல் ஒரு கோடு ஓடும். ஒரு தடவை வந்தது மறு தடவை அப்படியே வராது.

இனிச் சொல்வதுதான் வருத்தமான விஷயம். அவர் இறந்த பிறகு அவருடைய நெகடிவ்கள் அழிந்தன. ஒரு நெகடிவ் இருந்தால் நூறு வருஷம் கழித்தும் புதிதாகப் படம் போடலாம். அது இல்லையென்றால், அவர் கையால் தட்டில் ஆட்டி எடுத்த காகிதங்கள் மட்டும்தான் மிச்சம். அவற்றைக் கொண்டுதான் 1950-ல் லண்டனில் அவர் படங்கள் புத்தகமாக வந்தன. அவர் வீடு இருந்த இடத்தில் 1953-ல் அவர் பெயரால் ஒரு நாடக அரங்கு திறந்தார்கள். பாஸில் ரைட் எடுத்த 'இலங்கைப் பாட்டு' என்ற 1934-ம் வருஷத்துப் படத்தில் விவரணை சொல்வதும் இவர்தான். குரலாவது தப்பியதே!

அது இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பரணில், தாத்தா பாட்டி கல்யாண ஆல்பத்துக்குள், பழுப்புக் கவரில் நெகடிவ் சுருள்கள் கிடக்கின்றனவா? குப்பை என்று வீசிவிடாதீர்கள். ஓரத்தைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஈரம் படாத இடத்தில், காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். கறுத்த முகமும் வெளுத்த கூந்தலுமாகத் தெரிகிறாளே, அந்தப் பெண் யார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். சொல்ல அவர்கள் இருக்கும்போதே.