'மெடிக்கல் ஷாப்ல வேலை'ன்னா எந்த வேலை பாஸ்?

நினைச்ச ரூட் மாறிப்போச்சேன்னு உட்கார்ந்திருக்கீங்களா? அரியலூரைப் பாருங்க. 2001-ல் தனி மாவட்டம் ஆச்சு. அடுத்த வருஷமே, 'வேண்டாம், பெரம்பலூரோடவே சேர்ந்துக்கோ'ன்னுட்டாங்க. 2007 நவம்பர்ல மறுபடியும் தனி மாவட்டம்! மாவட்டமே ரூட் மாத்தும்போது நாம மாத்தக் கூடாதா என்ன?

ஆனா, இந்தப் பக்கம் அது அவ்வளவு லேசான விஷயமும் இல்ல. பிளஸ் டூ-வில் 1200-க்கு 1176 எடுத்த குழுமூர் அனிதாவை 2017 செப்டம்பரில் இழந்த மண் இது. அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் வந்துடுச்சு. வந்தாலும் எல்லாருக்குமா சீட் கிடைக்கும்? நீட் எழுதிக் கிடைக்காதவங்க, இன்ஜினீயரிங்கைப் பாதியில விட்டவங்கன்னு உங்க தெருவுலயும் ஒருத்தர் இருப்பார். அவருக்கு மாமாவோ சித்தப்பாவோ சொல்ற யோசனை, 'பேசாம மெடிக்கல் ஷாப் வேலைக்குப் படியேன்'.

நல்ல யோசனைதான். ஆனா, மெடிக்கல் ஷாப்ல இருக்கிறது ஒரு வேலை இல்ல, ரெண்டு. இங்கதான் பலபேர் ஏமாறுறாங்க.

முதல் வேலை, உதவியாளர். சரக்கு இறக்கி அடுக்கணும், பில் போடணும், ஸ்டாக் பார்க்கணும். இதுக்கு 'ஃபார்மசி அசிஸ்டென்ட்'னு சில மாதப் பயிற்சிகள் இருக்கு. தப்பில்ல, உடனே ஒரு வருமானம் வேணும்னா உதவும். ஆனா, 1948-ம் வருஷத்து ஃபார்மசி சட்டத்தின் 42-வது பிரிவுப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து கலந்து கொடுக்கிற, எடுத்துக் கொடுக்கிற உரிமை பதிவு பெற்ற மருந்தாளுநருக்கு மட்டும்தான். பத்து வருஷம் கவுன்டர்ல நின்னாலும் அந்தச் சர்டிபிகேட் உங்களை மருந்தாளுநர் ஆக்காது. இங்கிலாந்தில் 'ஃபார்மசி டெக்னீசியன்'களுக்குன்னே 2011 ஜூலையிலிருந்து தனிப் பதிவு கட்டாயம். நம்ம நாட்டுல அப்படி நடுவுல ஒரு படி கிடையாது.

ரெண்டாவது வேலைக்கு வழி, டி.பார்ம். ரெண்டு வருஷம் படிப்பு, அப்புறம் மூணு மாசத்துக்குக் குறையாம 500 மணி நேரம் நேரடிப் பயிற்சி. பிளஸ் டூ-வில் இயற்பியல், வேதியியலோட உயிரியல் அல்லது கணிதம் இருந்தால் போதும். ஆமா, கணிதமும் ஓகே! அதனால எங்க இன்ஜினீயரிங் கும்பலுக்கும் கதவு திறந்தே இருக்கு. நீட் தேவையில்ல.

சரி, 'டப்பாவைப் பார்த்து எடுத்துக் கொடுக்கிறதுக்கு ரெண்டு வருஷமா?'ன்னு நக்கலா கேட்பீங்க. சீட்டுல 'பி.டி.'ன்னு இருந்தா ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, 'டி.டி.எஸ்.'னா மூணு வேளை, 'எஸ்.ஓ.எஸ்.'னா தேவைப்பட்டால் மட்டும். இதைத் தப்பாப் படிச்சா நஷ்டம் கடைக்கு இல்ல, மாத்திரை முழுங்குறவருக்கு. இன்சுலினை 2-லிருந்து 8 டிகிரிக்குள்ள வெச்சிருக்கணும். அதுக்காக ஃப்ரீசர்ல தள்ளிட்டா, உறைஞ்சுபோன இன்சுலினைத் தூக்கித்தான் போடணும். முதல்ல காலாவதி ஆகப்போற மருந்து முன்வரிசைக்கு வரணும். 'ஹெச்1' அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு. சில வீரியமான ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து எல்லாம் இதுல வரும். 2014 மார்ச்சிலிருந்து, இதைக் கொடுக்கிறப்ப டாக்டர் பேர், நோயாளி பேர், மருந்து, அளவுன்னு தனி ரிஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் பத்திரமா வெச்சிருக்கணும். 'ரெண்டே ரெண்டு மாத்திரை கொடுப்பா, ஜுரம் விட்டுடும்'னு சீட்டில்லாம வர்ற பெரியவர்கிட்ட கோபப்படாம முடியாதுன்னு சொல்லணும். என்னைக் கேட்டா, இருக்கிறதுலயே கஷ்டமான பாடம் அதுதான். எந்தப் புத்தகத்துலயும் அது முழுசா வராது.

பீஸ் கட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை பண்ணுங்க. நீங்க சேரப்போற கல்லூரியில், அதே டி.பார்ம் படிப்புக்கு, இந்திய ஃபார்மசி கவுன்சில் அங்கீகாரம் இருக்கான்னு பாருங்க. அது இல்லாம படிச்சா, தமிழ்நாடு ஃபார்மசி கவுன்சில்ல பதிவு பண்ண முடியாது. ரெண்டு வருஷமும் போச்சு, காசும் போச்சு. இன்னொண்ணு, டி.பார்ம் முடிச்சவங்களுக்கு எக்ஸிட் எக்ஸாம்னு 2022-ல் விதி வந்து, 2024 அக்டோபரில் முதல் தேர்வு நடந்தது. மூணு பேப்பர். உங்க பேட்ச்சுக்கு என்ன நடைமுறைன்னு சேரும்போதே விசாரிச்சுடுங்க.

வேலை? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2022-ல் ஒரே அறிவிப்பில் 889 மருந்தாளுநர் இடங்களுக்கு ஆள் கேட்டது. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு ஆயிரம் 'முதல்வர் மருந்தகம்' திறந்தப்போ, டி.பார்ம், பி.பார்ம் முடிச்சவங்க மானியத்தோட கடை வைக்க விண்ணப்பிச்சாங்க. தனியார் கடைகளில் ஆரம்பச் சம்பளம் சுமார்தான், ஆசை காட்ட விரும்பல.

அந்தச் சுமார் சம்பளத்தைப் பார்த்துட்டு சிலர் குறுக்கு வழிக்குப் போவாங்க. ஆள் ஒரு ஊர், சர்டிபிகேட் ஒரு ஊர்! மாசாமாசம் ஒரு தொகை வாங்கிட்டு சர்டிபிகேட்டை மட்டும் கடைச் சுவர்ல மாட்ட விடுறது. அந்தக் கடையில யாரோ ஒருத்தர் மாத்திரையை மாத்திக் கொடுத்தா, இன்ஸ்பெக்டர் முதல்ல தேடுறது சுவர்ல மாட்டின அந்தப் பேரைத்தான். யாராவது இப்படி ஆஃபரோட வந்தா, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிடுங்க.

டி.பார்ம் முடிச்சதும் மேல படிக்கணும்னு தோணுச்சுன்னா, நேரா பி.பார்ம் ரெண்டாம் வருஷத்துல சேரலாம். அதாவது, இன்னும் மூணு வருஷம். வேலைக்குப் போய்க் கொஞ்சம் காசு சேர்த்துட்டுக்கூட அந்தப் பக்கம் போகலாம்.