எதுக்கு ஸ்கோப் அதிகம்? கம்ப்யூட்டர் படிப்பு பற்றி தேராவிலிருந்து சில கணக்குகள்

மே மாதம் வந்தால் வளைகுடாவில் வெயிலோடு சேர்ந்து இன்னொன்றும் ஏறும்: பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் சூடு. சிபிஎஸ்இ முடிவு வந்த அன்று மாலையிலிருந்து, என்னைப் போல ஐடியில் வேலை பார்ப்பவர்களின் போன் ஓயாது.

"தம்பி, பையன் கம்ப்யூட்டர்தான் வேணும்கிறான். சிஎஸ்இ எடுக்கலாமா, ஏஐ எடுக்கலாமா? எதுக்கு ஸ்கோப் அதிகம்?"

கேட்பவர் தேரா தங்கச் சந்தையில் கணக்கு எழுதுபவராக இருப்பார், இல்லை நாயிஃப் பக்கம் ஜவுளிக் கடையில் இருபது வருடமாக நிற்பவராக இருப்பார். சில நேரம் மஸ்கட்டிலிருந்தோ தமாமிலிருந்தோ நண்பரின் நண்பர் பேசுவார். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அந்த 'ஸ்கோப்' என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பிராஞ்சில் என்ன சொல்லித் தருகிறார்கள்? அந்தப் பட்டத்தை வெளிநாட்டில் ஏற்றுக்கொள்வார்களா? பிள்ளைக்கு அந்த வேலை பிடிக்குமா? நம்மவர்கள் மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டு, பக்கத்து ஃபிளாட் பையன் எதில் சேர்ந்தான் என்று பார்த்து முடிவெடுக்கிறார்கள்.

குவைத் சொன்ன பாடம்

இரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஊரில் இருப்பவர்களுக்கு இது பெரிதாகப் படாது. வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இதுதான் தலைபோகிற விஷயம்.

2018 மார்ச்சில் குவைத் அரசின் மனிதவள அமைப்பு ஒரு சுற்றறிக்கை போட்டது. விசாவில் 'இன்ஜினியர்' என்று இருப்பவர்கள் இகாமா புதுப்பிக்க வேண்டுமானால், குவைத் பொறியாளர் சங்கத்திடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். இந்தியப் பட்டம் என்றால், அந்தப் படிப்புக்கு என்பிஏ அங்கீகாரம் இருந்ததா என்று சங்கம் பார்த்தது. என்பிஏ என்பது தேசிய அங்கீகார வாரியம். அது தொடங்கப்பட்டதே 1994-ல்தான். அதற்கு முன் படித்தவர்கள், என்பிஏவுக்கு விண்ணப்பமே போடாத கல்லூரிகளில் படித்தவர்கள், பெயர்பெற்ற கல்லூரிகளில் படித்தவர்கள் என்று பலரும் மாட்டிக்கொண்டார்கள். பத்து, பதினைந்து வருடம் இன்ஜினியராக வேலை பார்த்தவர்கள் விசாவில் பதவிப் பெயரை மாற்றிக்கொண்டு தொடர வேண்டிய நிலை வந்தது. இந்திய அரசே குவைத்திடம் பேச வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களை இது ரொம்பவே பாதித்தது. நம் ஊரில் கல்லூரிகள் அதிகம். என்பிஏ வாங்கியவை அந்த அளவுக்கு இல்லை. ஏஐசிடிஇ அனுமதி இருக்கிறதே, அண்ணா பல்கலைக்கழகப் பட்டம்தானே என்று நினைத்திருந்தார்கள். ஏஐசிடிஇ அனுமதி வேறு, என்பிஏ அங்கீகாரம் வேறு. முதலாவது கல்லூரி நடத்துவதற்கான அனுமதி. இரண்டாவது அந்தப் படிப்பின் தரத்துக்கான சான்று. 2014-ல் என்பிஏ வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானதால், அதற்கு மற்ற நாடுகளிலும் மதிப்பு கூடியது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. என்பிஏ கல்லூரிக்குத் தருவதில்லை. பிராஞ்சுக்குத் தருகிறது, அதுவும் குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும். ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு இருக்கும், ஐடிக்கு இருக்காது. ஒரு பிராஞ்ச் ஆரம்பித்து குறைந்தது இரண்டு பேட்ச் பட்டம் பெற்று வெளியே வந்த பிறகுதான் விண்ணப்பிக்கவே முடியும். அப்படியானால், போன வருடம் புதிதாகப் பெயர் சூட்டி ஆரம்பித்த 'ஏஐ அண்ட் சம்திங்' பிராஞ்சுக்கு இன்றைக்கு என்பிஏ இருக்க வாய்ப்பே இல்லை. அதற்காக அது மோசமான படிப்பு என்று அர்த்தமில்லை. பிள்ளையை வளைகுடாவுக்குக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால், இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். "காலேஜுக்கு என்பிஏ இருக்கு சார்" என்று அட்மிஷன் அலுவலகத்தில் சொன்னால், "எந்த பிராஞ்சுக்கு, எந்த வருஷம் வரைக்கும்?" என்று கேளுங்கள். என்பிஏ இணையதளத்திலேயே பட்டியல் இருக்கிறது.

போர்டும் பாடத்திட்டமும்

இப்போது முதல் கேள்வி. சிஎஸ்இ, ஐடி, ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி, சிஎஸ்பிஎஸ்... ஜவுளிக் கடையில் ஒரே துணிக்குப் பத்து பெயர் வைப்பார்களே, கொஞ்சம் அந்தக் கதைதான். பாடத்திட்டத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். கடைசி இரண்டு வருடத்தில்தான் சில பாடங்கள் மாறும்.

நான் இன்டர்வியூ எடுக்கும்போது எதிரே இருப்பவரின் பிராஞ்ச் பெயரை ஒரு முறை பார்ப்பேன், அதோடு சரி. பிறகு கேட்பதெல்லாம் டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், டேட்டாபேஸ் பற்றித்தான். இந்த ஐந்தும் எந்தப் பிராஞ்சில் ஆழமாக இருக்கிறதோ அது நல்ல பிராஞ்ச். இவற்றில் இரண்டைச் சுருக்கிவிட்டு அந்த இடத்தில் மூன்று மாதத்தில் பழசாகப்போகும் ஒரு டூலைப் பாடமாக வைத்திருந்தால், பெயர் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் யோசியுங்கள். ஏஐயில் உண்மையாகவே ஆர்வம் என்றால் கணக்குதான் முக்கியம். லீனியர் அல்ஜீப்ராவும் புராபபிலிட்டியும் எத்தனை செமஸ்டர் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

ஈசிஇ, ட்ரிபிள்-இ பக்கமும் கதவு மூடவில்லை. சிப் வடிவமைப்பு, எம்பெடட், டெலிகாம் என்று போகிறவர்களுக்கு அவைதான் நேர்வழி. அங்கிருந்து சாஃப்ட்வேருக்கு வந்தவர்கள் எங்கள் அலுவலகத்திலேயே பாதிப் பேர்.

உடனே ஒரு வாதம் வரும்: "சுந்தர் பிச்சை மெட்டலர்ஜி படிச்சவர்தானே? ஸ்ரீதர் வேம்பு எலக்ட்ரிக்கல்தானே?" உண்மைதான். பிச்சை ஐஐடி காரக்பூரில் உலோகவியல், வேம்பு ஐஐடி மெட்ராஸில் எலக்ட்ரிக்கல். இன்னும் பின்னால் போனால், 1994-ல் கம்ப்யூட்டர் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது பெற்ற ராஜ் ரெட்டி, 1958-ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் முடித்தவர். ஆனால் அவர் படித்த காலத்தில் கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று ஒரு பிராஞ்சே கிடையாது. பிறகு ஸ்டான்ஃபோர்டு போய் கம்ப்யூட்டர் சயின்ஸில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆகவே இந்த உதாரணங்களை வைத்து "எந்த பிராஞ்சா இருந்தா என்ன" என்று சொல்ல முடியாது. கிடைத்த பிராஞ்சோடு கதை முடிந்துவிடாது என்று மட்டும் சொல்லலாம். என்னைக் கேட்டால் இவர்களைவிட நமக்குப் பக்கத்தில் இருப்பவர் டாட்டா குழுமத் தலைவர் என். சந்திரசேகரன். நாமக்கல் மாவட்டம் மோகனூர்க்காரர். கோவை சிஐடியில் பிஎஸ்சி, பிறகு திருச்சி ஆர்இசியில் எம்சிஏ. பிஇ கிடைக்காவிட்டால் வாழ்க்கை போச்சு என்று அழும் வீடுகளில் இந்தப் பெயரைச் சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பிஎஸ்சி, பிசிஏ படித்து நல்ல வேலைக்கு வரலாம். ஆனால் 'இன்ஜினியர்' என்ற பதவிப் பெயருக்குப் பொறியியல் பட்டம் கேட்கும் நாடுகள் இந்தப் பக்கம் உண்டு. சவூதியில் பொறியாளர் கவுன்சில் பதிவு என்று ஒன்று இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் 'புரோகிராமர்', 'அனலிஸ்ட்' என்ற பெயரில்தான் விசா அமையும்.

வளைகுடா பிள்ளைகளுக்கான வழிகள்

இங்கே படித்த பிள்ளைகளுக்கு ஊரில் தனி வாசல்கள் இருப்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. என்ஐடிகள் போன்ற நிறுவனங்களுக்கு 'டாசா' என்ற வெளிநாட்டு மாணவர் சேர்க்கைத் திட்டம் இருக்கிறது. அதற்குள் வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியர்களின் பிள்ளைகளுக்கு என்றே 'சிஐடபிள்யூஜி' என்று ஒரு பிரிவு. அதில் இடம் கிடைத்தால் டாலர் கட்டணம் கிடையாது; இந்திய மாணவர்களுக்கான கட்டணம்தான். திருச்சி என்ஐடியும் இதில் உண்டு. முன்பு சாட் சப்ஜெக்ட் தேர்வு மதிப்பெண்ணை வைத்து எடுத்தார்கள். 2021-ல் அந்தத் தேர்வே நிறுத்தப்பட்டது. இப்போது ஜேஇஇ மெயின் ரேங்க்தான். ஆகவே பதினொன்றாம் வகுப்பிலேயே தயாராக வேண்டும்.

அண்ணா பல்கலைக்கழகமும் வளைகுடா இந்தியத் தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. பொது கவுன்சிலிங்கில் போட்டியிட வேண்டும் என்றால் கணக்குக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்ஆஃப். வெளியே படித்தவர்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதற்கான நேட்டிவிட்டி சான்று காட்ட வேண்டும். கடைசி வாரத்தில் ஊருக்கு ஓடி தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்காமல், விடுமுறையில் போகும்போதே எடுத்து வையுங்கள்.

இங்கேயே படிக்க வைக்கலாம் என்றால், துபாயில் பிட்ஸ் பிலானி வளாகம் 2000-லிருந்து இருக்கிறது. ஐஐடி டெல்லி அபுதாபியில் 2024-ல் பிடெக் ஆரம்பித்தது. முதல் இரண்டு பிராஞ்சுகளில் ஒன்று கம்ப்யூட்டர் சயின்ஸ். பணம்தான் தடை என்றால் ஐஐடி மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பு இருக்கிறது. ஜேஇஇ வேண்டாம், அவர்களே வைக்கும் தகுதிச் சுற்றைத் தாண்டினால் போதும். ஆனால் ஆன்லைன் பட்டம் என்றால் இந்தப் பக்கத்து நாடுகளில் சமநிலைச் சான்று வாங்கும்போது கூடுதல் கேள்விகள் வரும். சேரும் முன் விசாரித்துவிடுங்கள்.

கனடா, இங்கிலாந்து, சிங்கப்பூரில் பிள்ளைகளை வளர்க்கும் வாசகர்களுக்கு இந்த வாசல்கள் தேவைப்படாது. அவர்களுக்கு நான் சொல்வது, பிராஞ்சைவிட வேலை அனுபவத்தைப் பாருங்கள் என்பதுதான். வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-ல் தொடங்கிய நாளிலிருந்தே படிப்பையும் வேலையையும் மாற்றி மாற்றி வைக்கும் கோ-ஆப் முறையில் நடத்துகிறது. அந்த மாதிரி அனுபவத்தோடு வருகிற பிள்ளைக்கு முதல் வேலை தேடும் கஷ்டம் பாதியாகிவிடும்.

ஏஐ வந்துவிட்டதே, இனிமேல் எதற்கு?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு கேள்வி கொஞ்சம் மாறியிருக்கிறது. "கோடு எல்லாம் மெஷினே எழுதிடுதாமே, அப்புறம் இவன் எதுக்குப் படிக்கணும்?"

பயம் நியாயமானதுதான். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் முன்பு கொடுத்த சின்னச் சின்ன வேலைகளை இன்று நாங்களே ஏஐ வைத்து முடித்துவிடுகிறோம். இதை மறைத்துப் பிள்ளைக்கு ஆசை காட்டக் கூடாது. அதே நேரம், அது எழுதிக் கொடுத்த கோடு எங்கே தப்பு, பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் எங்கே உடையும் என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளாக வளர அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். கோடு அடிக்க மட்டும் தெரிந்தவருக்குத்தான் இது கெட்ட காலம்.

இன்றைய மோகத்தை வைத்து நான்கு வருடம் கழித்து வரும் சந்தையைக் கணிக்கவும் முடியாது. நான் கவுன்சிலிங் போனது 2007-ல். நுழைவுத் தேர்வு ரத்தான முதல் வருடம். கிண்டியில் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்களுக்கு அடுத்த வருடமே உலகப் பொருளாதாரம் சரியப்போகிறது என்று தெரியாது. எனக்கு முந்தைய சீனியர்கள், டாட்காம் சரிவைப் பார்த்துக் கம்ப்யூட்டரை விட்டு ஓடிய கதை சொல்வார்கள். பின்னால் வந்த ஜூனியர்கள் மெக்கானிக்கல் பக்கம் குவிந்தார்கள். இன்று எல்லாரும் மறுபடி கம்ப்யூட்டர் பக்கம்.

பிள்ளை என்ன சொல்கிறது?

மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. இது நம் வீடுகளில் ஏன் இவ்வளவு பாரமாகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. வளைகுடாவில் எத்தனை வருடம் இருந்தாலும் நாம் விசாவில் இருப்பவர்கள்தான். அமீரகத்தில் மகனை அப்பா ஸ்பான்சரில் வைத்திருப்பதற்கு 25 வயது எல்லை. அதற்குள் அவன் சொந்த வேலையில், சொந்த விசாவில் நிற்க வேண்டும். அந்த அவசரத்தில்தான் "எது சீக்கிரம் சம்பாதிக்க வைக்கும்?" என்று கேட்கிறோம். பெட் ஸ்பேஸில் படுத்து மிச்சம் பிடித்த காசு ஃபீஸாகப் போகும்போது அந்தக் கேள்வி தப்பில்லை.

ஆனாலும், பிடிக்காத படிப்பில் நான்கு வருடம் தள்ளி, அரியரோடு வெளியே வருகிற பிள்ளைக்கு எந்த ஸ்கோப்பும் உதவாது. பதினொன்றாம் வகுப்பு விடுமுறையில் ஒரு சோதனை வையுங்கள். ஹார்வர்டின் சிஎஸ்50 வகுப்பு இலவசம். ஐஐடிகளின் என்பிடெல் பாடங்களும் இலவசம். ஆறு வாரம் உட்கார்ந்து ஒரு சின்ன புரோகிராமை முடிக்கட்டும். அப்பா கடையின் கணக்கைக் கூட்டிக் காட்டும் ஒன்றாக இருந்தால்கூடப் போதும். ஒரு பிழையைத் தேடி மூன்று மணி நேரம் போன பிறகும் "இன்னும் கொஞ்சம் பார்க்கிறேன்" என்றால், தைரியமாகச் சேருங்கள். இரண்டாம் நாளே மூடி வைத்தால், பேசுங்கள், திட்டாதீர்கள். ஆறு வாரத்தில் தெரிந்துகொண்டால் நான்கு வருட ஃபீஸ் மிச்சம்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால், சேருவதற்கு முன்பே சரிசெய்துகொள்ளுங்கள். நாளை பட்டத்தை அட்டெஸ்டேஷனுக்கு அனுப்பும்போது, எந்த பிராஞ்ச் என்று கேட்பதற்கு முன்னால் பெயரைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.