பெயரோடு சேர்த்து எதைக் கொடுக்கிறோம்?

தரங்கம்பாடியில் எங்கள் தாத்தாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். பேச்சை நிறுத்திவிடுவார். திண்ணை மூலையில் போய் உட்கார்ந்துவிட்டால், அப்பாயி காபி டம்ளரைத் தூண் ஓரம் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். சில நேரம் ஒரு வாரம்கூட அப்படியே போகும்.

அப்பாவும் அப்படித்தான். அவருக்குத் திண்ணைக்குப் பதில் டேனிஷ் கோட்டை ஓரத்துக் கடற்கரை. எனக்கு ஹெட்போன். போன மாதம் பத்தாவது படிக்கும் என் மகன், ஏதோ வருத்தத்தில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். அம்மா பெருமூச்சு விட்டார். "தாத்தா பேரை வெச்சே. குணமும் சேர்ந்து வந்துடுச்சு!"

அன்று இரவுதான் அந்த நாவலை மறுபடி கையில் எடுத்தேன்.

கொலம்பியா நாட்டு எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1967-ல் வெளியிட்ட 'தனிமையின் நூறு ஆண்டுகள்'. 1982-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சுகுமாரனும் ஞாலன் சுப்பிரமணியனும் மொழிபெயர்க்க, காலச்சுவடு வெளியீடாகத் தமிழிலும் இருக்கிறது. 2024-ல் வெப் சீரிஸாகவும் வந்தது.

மக்கோந்தோ என்ற ஊரில் புயேந்தியா குடும்பத்தின் ஏழு தலைமுறைக் கதை இது. ஓர் அழகி, காயப்போட்ட படுக்கை விரிப்புகளோடு வானத்துக்கு ஏறிப் போய்விடுவாள். ஊருக்கே தூக்கம் தொலையும் நோய் வந்து, மறதியும் பிடித்து, 'இது பசு, பால் கறக்க வேண்டும்' என்று எழுதி மாட்டிவைப்பார்கள். இதற்கு 'மாய யதார்த்தம்' என்று பெரிய பெயர். 'புளியமரத்துல முனி நிக்குது, அந்தப் பக்கம் போகாதே' என்று குழம்பு தாளித்துக்கொண்டே சொல்லும் பாட்டிகளிடம் வளர்ந்த நமக்கு இது புதிதா என்ன? மார்க்கேஸும் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர்தான். பாட்டி முகம் மாறாமல் கதை சொன்ன விதம்தான் அவர் கைக்கும் வந்தது.

நாவலில் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: பெயர்கள். ஆண் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்ப ஹோஸே அர்க்காதியோ, அல்லது அவுரேலியானோ. நமக்கு இதுவும் பழக்கம்தான். 'பெயரன்' என்பதுதானே 'பேரன்' ஆனது? மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பதால், அந்தப் பெயர் வைத்த குழந்தையைத் 'தம்பி' என்றே கூப்பிட்ட வீடுகள் எத்தனை! என் அம்மா இன்றைக்கும் பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அந்த வீட்டு மூதாட்டி உர்சுலா ஒன்றைக் கவனிக்கிறாள். அவுரேலியானோக்கள் அறிவாளிகள், ஆனால் ஒதுங்கிப்போகிறவர்கள். ஹோஸே அர்க்காதியோக்கள் துடிப்பானவர்கள், ஆனால் துயரம் துரத்துகிறவர்கள். 32 கிளர்ச்சிகள் நடத்தி அத்தனையிலும் தோற்ற கர்னல் அவுரேலியானோ, கடைசியில் பட்டறைக்குள் அடைந்து தங்க மீன்கள் செய்வார். உருக்கிவிட்டு மறுபடி செய்வார். அமரந்தா தன் சவத்துணியைத் தானே நெய்வாள். ஒரே வீடு. ஆளுக்கொரு தீவு.

'எல்லாம் ரத்தத்தில் வருவது' என்று புத்தகத்தை மூடிவிடலாம். ஆனால், முடிவு வேறொன்றைச் சொல்கிறது. தொடக்கத்திலிருந்தே உர்சுலாவுக்கு ஒரு பயம்: நெருங்கிய உறவில் கல்யாணம் செய்தால் பன்றி வாலோடு குழந்தை பிறக்கும் என்று. கடைசியில் அப்படியே பிறக்கிறது. காரணம், அந்தக் குழந்தையின் அப்பாவுக்குத் தான் யாருடைய பிள்ளை என்பதே தெரியாது. 'கூடையில் மிதந்து வந்தவன்' என்று பாட்டி ஃபெர்னாண்டா கதை கட்டிவிட்டாள். தான் காதலித்தவள் தனக்குச் சித்தி முறை என்பது அவனுக்குக் காலம் கடந்துதான் தெரிகிறது. அதுவும் வீட்டிலேயே கிடந்த, சமஸ்கிருதத்தில் எழுதிய தோல் சுவடிகளைப் படித்த பிறகு!

ரத்தம் மட்டும் அல்ல, சொல்லாமல் மறைத்ததும்தான் அங்கே திரும்ப வந்தது.

எங்கள் ஊர்க் கதை எல்லாம் பதிவாகியிருக்கிறது. 1620-ல் டேனிஷ்காரர்கள் வந்தது, சீகன்பால்கு காலத்து அச்சுக்கூடம், 1845-ல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றது என எதைக் கேட்டாலும் சொல்லிவிடலாம். வீட்டுக் கதையை யார் எழுதினோம்? 2004 டிசம்பர் 26 காலையைப் பற்றி இன்னும் வாய் திறக்காதவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

மறுநாள் கடற்கரையில் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "தாத்தா ஏன்ப்பா அப்படிப் பேசாம இருந்தாரு?"

ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார். "அவரோட அப்பா சாகும்போது இவருக்குப் பதினோரு வயசு. 'மூத்த பிள்ளை அழக் கூடாது, வாயை மூடு'ன்னு சொந்தக்காரங்க அதட்டினாங்களாம். எங்கம்மா ஒரு தடவை சொன்னாங்க."

ராத்திரி மகனிடம் அதைச் சொன்னேன். கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு கேட்டான்.

"அப்போ அவர்கிட்ட யாருமே எதுவும் கேக்கலையாப்பா?"

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வர நான்கு தலைமுறை ஆகியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் பேசாத ஒருவர் இருப்பார். இன்றைக்கு ஒரு காபியோடு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். டம்ளரைத் தூண் ஓரம் வைத்துவிட்டு மட்டும் வந்துவிடாதீர்கள்.