வேலை இழப்பும் நாள் கணக்கும்

பேத்தமங்களா ஏரியின் நீரைப் பருகி, கோலார் தங்கவயலில் நம்மவர் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். அச்சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. தம் குற்றம் ஏதுமின்றி வேலை இழப்போர்க்குச் சட்டம் அளிக்கும் காப்பு யாது?

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், ஆட்குறைப்பாயினும் மூடுதலாயினும், நிறைவுற்ற ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் பொதுவாக 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாக விதித்தது. பன்னிரண்டு மாதங்களில் 240 நாள் உழைத்தால் அஃது ஓராண்டுப் பணியாகும். சுரங்கத்தின் அடியில் இறங்கி உழைப்போர்க்கோ 190 நாளே போதும். பணியில் நேர்ந்த விபத்தால் வர இயலாத நாட்களும் இக்கணக்கில் சேரும். 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் இவ்வளவையே கொண்டுள்ளது.

ஆதலின், ஊர்விட்டு வந்து உழைக்கும் நாம் ஊதியச் சீட்டுகளைப் பேணி வைப்போமாக. நாள் கணக்கே நம் உரிமைக்குச் சான்று.