குலை வெட்டும் கையும் முழங்கை வலியும்

"ஐயா, தேத்தண்ணி மங்கைத் தூக்கினாலே சுளீர்ங்குது" என்று முழங்கையின் வெளிப்பக்க எலும்பைத் தொட்டுக் காட்டுவார்கள் செம்பனை வெட்டுகிறவர்கள். மருந்து பம்பு அடிக்கிற பெண்களும் வருவார்கள். இதற்கு வெள்ளைக்காரன் 1883-லேயே டென்னிஸ் பெயரை வைத்துவிட்டான். பந்தையே தொடாதவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது!

மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகள் அந்த எலும்பில்தான் நாராகப் போய்ப் பிடித்திருக்கின்றன. அரிவாள் கழியை இறுக்கிப் பிடித்து இழுக்க இழுக்க நார் நைந்துபோகிறது. ஆறுவதற்குள் மறுநாள் பிரட்டு வந்துவிடுகிறது. இது சுளுக்கு அல்ல. வெடுக்கென்று இழுத்து உருவ வேண்டாம்.

சிலர் நேரே ஊசி கேட்பார்கள். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் சுகம் தரும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் போடாதவர்களே நன்றாகத் தேறியிருக்கிறார்கள்.

முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, கையை விளிம்புக்கு வெளியே விடுங்கள். அரைக் கிலோ சீனிப் பொட்டலத்தைப் பிடித்து, மற்ற கையால் மேலே தூக்கிவிட்டு, வலிக்கிற கையால் மெல்ல மெல்ல இறக்குங்கள். தினமும் 10 தடவை. லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாளும் வலி நின்றால் எடையைக் குறையுங்கள். 2, 3 மாதம் விடாமல் செய்யணும். அரிவாளைத் தீட்டி வையுங்கள், மொட்டை அரிவாள் முழங்கையைத் தின்னும். பெரும்பாலோருக்கு ஒரு வருஷத்துக்குள் சரியாகிவிடும். விரல் மரத்தாலோ, மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

குலைக்கணக்குக் கூலி போய்விடுமே என்று லீவு எடுக்காமல் வெட்டுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டரிடம் என்ன வேலை என்பதைச் சொல்லி எழுத வையுங்கள். வேலையால் வந்த நோய் என்று உறுதியானால் 1969-ஆம் வருஷச் சட்டப்படி சொக்சோவில் கேட்கலாம். அந்தச் சீட்டைக் கிளைச் செயலாளரிடம் காட்டுங்கள்.