பாலாற்றின் உப்புக் கணக்கு

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் ஆறு. மழைக்கால வெள்ளத்தை அந்த மணல் உறிஞ்சி வைத்து, வடிகட்டி, கரையோரக் கிணறுகளுக்கு மெல்ல விடுகிறது. வேலூர் வட்டாரத்தின் குடிநீரும் நெல்லும் தென்னையும் நெடுங்காலம் இதை நம்பியே இருந்தன. ஆறு செய்யும் இந்த வேலைக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை. அதனால்தான் அது கெட்டபோது, போனது எவ்வளவு என்று காட்ட எவரிடமும் ரசீது இல்லை.

கெடுத்ததில் பெரும்பங்கு உப்புக்கு. பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பிட்டு வைப்பார்கள். தோல் பதனிடும் ஆலையான டேனரியில் ஊறவைத்து அலசும்போது அவ்வளவும் கழிவுநீரில் இறங்கும். அதன்பின் சுண்ணாம்பு, சல்பைடு, குரோமியம். ஒரு கிலோ தோல் பதனிடச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாவதாக உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆலைகளிலிருந்து இந்தக் கழிவுநீர் வயலிலும் ஓடையிலும் விடப்பட்டு ஆற்றில் சேர்ந்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பாழானது.

இது நடந்தது சட்டம் இல்லாததால் அல்ல. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இல்லாமல் எந்த ஆலையும் கழிவுநீர் வெளியேற்றக் கூடாது. மீறினால் வழக்குத் தொடரலாம். ஆனால் வழக்குக்குச் சான்றாக வேண்டுமென்றால், ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்துத்தான் கழிவுநீர் மாதிரி எடுக்க வேண்டும். அவர் கேட்டால் அவர் முன்னிலையிலேயே இரண்டாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். முறை பிசகினால் மாதிரி செல்லாது. இரவில் மதகு திறப்பவரைப் பிடிக்க இது உதவுகிற ஏற்பாடாகத் தெரியவில்லை. 1988-இல் சேர்க்கப்பட்ட 33-ஏ பிரிவு வேறு வகை: நீதிமன்றத்துக்குப் போகாமலே ஆலையை மூடவும் மின் இணைப்பைத் துண்டிக்கவும் உத்தரவிடலாம். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். மின்சாரம் போனால் வேலை அன்றைக்கே நின்றுவிடும். வாரியத்தின் கையில் உள்ளவற்றில் கூர்மையான ஆயுதம் இதுவே.

ஆயுதம் இருந்தும் எடுக்கப்படாததால், வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் சென்றது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகஸ்ட் 28-இல் தந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் போக்கை மாற்றியது. தீங்கு வரும் எனத் தெரிந்தால், அறிவியல் முழுமையாக உறுதிப்படும்வரை காத்திராமல் தடுக்க வேண்டும். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். தீங்கில்லை என்று காட்டும் பொறுப்பு ஆலைக்காரருடையது. இந்தச் செலவில் மக்களுக்கான இழப்பீட்டோடு, கெட்ட மண்ணையும் நீரையும் சீராக்கும் செலவும் சேரும் என்று தீர்ப்பு சொன்னது. ஐந்து மாவட்டங்களின் ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. சுத்திகரிப்பு வசதி செய்யாதவற்றை மூடவும் உத்தரவானது.

இழப்பை அளக்கத் தனி ஆணையம் வந்தது. 2001 மார்ச்சில் அது வேலூர் மாவட்டத்தின் கணக்கை முடித்தது: 547 ஆலைகள், 186 கிராமங்கள், பாதிக்கப்பட்ட 29,193 பேர், இழப்பீடு சுமார் 26.82 கோடி ரூபாய். தலைக்குச் சராசரி பத்தாயிரத்துக்கும் குறைவு. அதுவும் 1998 இறுதிவரை பயிர் செய்ய முடியாமற் போனதற்கான தொகை. கிணற்றில் திரும்ப நன்னீர் ஊறுவதற்கான விலை அதில் இல்லை.

ஆலைகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டின. ஆனால் வழக்கமான சுத்திகரிப்பு உப்பை எடுக்காது. பின்னர் வந்த ‘கழிவுநீர் சிறிதும் வெளியேறாத’ முறையில் நீரைச் சவ்வு வழியே அழுத்தி மீட்டு, எஞ்சியதைக் காய்ச்சினால் உப்பு திடப்பொருளாக ஒதுங்கும். ஆற்றுக்குப் போகாத உப்பும் சேறும் ஆலை வளாகத்தில் குவிந்தன. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் இப்படிப்பட்ட கழிவுத் தொட்டி ஒன்றின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். குழாய் வாயை மட்டும் பார்க்கிற கண்காணிப்பு இதைப் பார்த்திருக்க முடியாது.

பாலாறு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30-இல் மீண்டும் தீர்ப்பளித்தது. இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு அரசு ஆறு வாரத்தில் பணம் கொடுத்துவிட்டு, பிறகு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும். சேதம் சரியாகும்வரை மாசு தொடர்வதாகவே கொள்ளப்படும். மாசுபடுத்தியவரின் பொறுப்பும் அதுவரை தீராது. நிறைவேற்றத்தைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் தீர்ப்பு ஆணையிட்டது.

மண்ணில் ஏறிய உப்பைக் கழுவ நன்னீர் வேண்டும். பாலாற்றில் பெருவெள்ளம் அபூர்வம். 2021 நவம்பரில் வந்தது போல எப்போதாவதுதான் வரும். வந்த நீரைப் பிடித்து வைக்க வேண்டிய மணலோ பல இடங்களில் லாரி ஏறிப் போய்விட்டது. மணல் அள்ளுவதைத் தடுப்பது கனிமச் சட்டம், இன்னொரு துறையின் பொறுப்பு.